ஒற்றைக் குமிழ்

எப்சியின் வலது கைச் சுட்டுவிரலும் நடுவிரலும் மில்லிங் மெஷினில் போன ஐந்தாம் நாள், அவளுடைய அக்கா சாலோமி ஆஸ்பத்திரிக்கு ஒரு காகிதக் கட்டோடு வந்தாள்.

"இன்சூரன்சுக்காம் எப்சி. இங்கன ஒண்ணு, அடுத்த தாள்ல ஒண்ணு. இன்னைக்கே அனுப்பணும்னு அத்தான் சொல்லுதாவ."

கையெழுத்துப் போடக் கை இல்லை. அதையும் யோசித்துத்தான் வந்திருந்தாள் சாலோமி. கைப்பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தாள். தங்கையின் இடது பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, தாளில் அழுத்தி, பிறகு ஈரத்துணியால் பதமாகத் துடைத்தும் விட்டாள். சாட்சிக் கையெழுத்தும் அவளே போட்டாள். வலிக்குப் போட்ட ஊசியின் மயக்கத்தில் இருந்த எப்சி, குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டாள்.

எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அந்தக் காகிதம் என்ன என்பது அவளுக்கு விளங்கிற்று. பக்கத்தின் பாதி அளவுக்கு அத்தான் ஹெப்ரானின் படம். அவன் கை வைத்திருந்தது 'சுழி'யின் மேல். உள்நாட்டிலேயே செய்த உயர்ரக இசைத்தட்டுக் கருவி, வடிவமைத்தவர் பாளையங்கோட்டை ஹெப்ரான் ஜெபராஜ் என்று கீழே போட்டிருந்தது. கருவியின் அடியில் பதித்த சிறு தகட்டிலும் அதே பெயர். எப்சி என்ற பெயரை அவள் மூன்று தடவை தேடினாள். எங்கும் இல்லை.

'சுழி' என்று பெயர் வைத்தவளே அவள்தான். கோயம்புத்தூர் பம்பு கம்பெனியில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று திருநெல்வேலிக்கு வந்து, பேட்டையில் ஒரு ஷெட் போட்டு, ஐந்து வருடம் அந்த ஒரு சாமானோடு மல்லுக்கட்டினாள். சாத்தான்குளம் பக்கத்தில் வெட்டிய முற்றிய பனையின் வைரத்தில் கருங்கோடு ஓடும் ஒரே பலகை. அதன்மேல் கனத்த அலுமினியத் தட்டு ஒன்று, ஊசியைத் தாங்கும் மெல்லிய கை ஒன்று, குமிழ் ஒன்று. திருகினால் ஓடும், திரும்பத் திருகினால் நிற்கும். விளக்கு கிடையாது, மூடி கிடையாது, மேலே ஓர் எழுத்துகூடக் கிடையாது. ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து, இனி எடுக்க ஒன்றுமில்லை என்ற இடத்தில்தான் அவள் நிறுத்தினாள். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த ஹெப்ரானை, பேசி விற்கத் தெரிந்தவன் என்று கூட்டாளியாகச் சேர்த்தவளும் அவள்தான்.

பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். ஹெப்ரான் பதறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"கோவப்படாத எப்சி. யாவாரத்துக்கு ஒரு முகம் வேணும். இந்தக் கையை வச்சிக்கிட்டு நீ மேடையில நின்னா, பாக்கவன் கையைப் பாப்பானா, மெஷினைப் பாப்பானா? உனக்குச் சேர வேண்டியதை நான் பாத்துக்கிடுதேன்."

"எனக்குச் சேர வேண்டியது அந்தத் தகட்டுல இருக்கு அத்தான்."

"அதெல்லாம் பதிவாயிட்டு. நீதான எழுதிக் கொடுத்தே?"

எப்சி அவனை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தாள். சாலோமி தன் கீபோர்டை மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக ஆலயத்தில் வாசிப்பவள். வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே துணியை விட்டு விட்டு எடுத்தாள். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அக்கா, அது என்ன காயிதம்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

சாலோமி திரும்பவில்லை. "மீன்கொழம்பு வச்சிருக்கேன். சாப்ட்டுட்டுப் போ எப்சி" என்றாள்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பொய்யாகவே சொல்லியிருந்தாலும் எப்சி அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பாள். படி இறங்கும்போது அவளுக்கு ஹெப்ரான் மேலிருந்த ஆத்திரம் பாதியாகக் குறைந்துவிட்டது. அந்தப் பாதியும் சேர்ந்து அக்காவின் மேல் போய் உட்கார்ந்தது.

வக்கீல் ஒருவரைப் பார்த்தாள். பெருவிரல் ரேகையும் கூடப்பிறந்தவள் சாட்சியும் இருக்கும்போது வழக்குப் பத்து வருடம் இழுக்கும் என்றார் அவர். பத்து வருடம் பொறுக்க அவளால் முடியாது.

ஆனால் ஹெப்ரானுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். விபத்துக்கு முந்தின நாள், வாங்க விரும்பிய ஒரு டாக்டர் வீட்டில் சுழியைப் போட்டுக் காட்டியிருந்தாள். அவர் இசைத்தட்டு கேட்கும் அறையில் எந்நேரமும் ஏசி ஓடும். கால்மணி நேரத்தில் பாட்டின் சுருதி கீழே இறங்கியது. டாக்டருக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து யோசித்ததும் காரணம் பிடிபட்டுவிட்டது. தட்டு சுற்றுகிற எஃகுத் தண்டு ஒரு வெண்கலக் குழலுக்குள் நிற்கிறது. பேட்டை ஷெட்டின் வெக்கையில் அது வழுக்கிக்கொண்டு சுற்றும். குளிரில் வெண்கலம் சுருங்கி எஃகைக் கவ்வும், உள்ளே விட்ட எண்ணெயும் தடித்துவிடும். மோட்டார் திணறும், தட்டு மெல்ல மெல்லத் தளரும். குழலின் அளவை மயிரிழை கூட்டி, எண்ணெயை மாற்றி, வேகத்தைக் காவல் காக்க ஒரு சின்ன மின்னணுச் சில்லையும் சேர்த்தால் தீர்ந்தது. அதைத் தன் நோட்டில் எழுதி வைத்தாள். மறுநாள் காலையில் மெஷின் விரல்களை வாங்கிக்கொண்டது. ஹெப்ரான் எழுதி வாங்கியது அதற்கு முந்தின வரைபடம்.

அவனுடைய புது ஷெட்டில் கொம்பையா வேலை பார்த்தார். எப்சியிடம் நான்கு வருடம் இருந்த ஃபிட்டர், நாற்பத்தைந்து வயது. ஒருநாள் மத்தியானம் அவளைத் தேடிக்கொண்டு வந்தார்.

"எப்சிம்மா, அடுத்த மாசம் நம்ம வண்ணாரப்பேட்டை ஹோட்டல்ல வெளியீட்டு விழாவாம். மெட்ராஸ்ல இருந்தெல்லாம் ஆளு வாராவளாம். அதுல ஏதும் கோளாறு இருந்தாச் சொல்லிருங்கம்மா. நீங்க சொன்னதாச் சொல்ல மாட்டேன், நானாச் சரி பண்ணிப் போடுதேன்."

நல்ல மனிதர். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்சி, "ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி, நல்லாத்தான் ஓடும்" என்றாள்.

பிறகு வேலையைத் தொடங்கினாள். முதன்முதலாகச் செய்த சுழி அவள் வீட்டில் கிடந்தது, பழைய குழலோடு. அதைத் துணியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில் ஓர் ஏசி அறையைப் பகல் வாடகைக்கு எடுத்தாள். ஒற்றைப் பொம்பளை, கையில் பெரிய மூட்டை. மேனேஜர் இரண்டு தடவை கதவைத் தட்டி எதையோ கேட்டுவிட்டுப் போனார். ஏசியைப் பதினெட்டில் வைத்து, ஆர்கன் இசைத்தட்டு ஒன்றைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். ஆலயத்தில் பாடும் ஆறு பாமாலை ராகங்கள் ஒரு பக்கத்தில். முதல் ராகம் சுத்தம். மூன்றாவதில் ஒரு சாயல் இறக்கம். பதினெட்டாவது நிமிடத்தில் ஆறாவது ராகம் தொடங்கும்போது கிட்டத்தட்ட அரை சுரம் கீழே. நான்கு நாள் போய் நான்கு தடவை பார்த்தாள். நான்கு தடவையும் அப்படியே.

வேறு ஊரில் அரை சுரத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் விழாவுக்கு ஹெப்ரான் அழைத்திருந்ததெல்லாம் பாளையங்கோட்டை ஆட்கள். நடக்கப் பழகும் முன்னே பாடகர் குழுவின் மடியில் உட்கார்ந்தவர்கள், சொப்ரானோ, ஆல்ட்டோ என்று நாலு குரலாகப் பிரிந்து பாடியே வளர்ந்தவர்கள். கட்டை ஒன்று பிசகினால் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் வாசிப்பவரிடமே சொல்லிவிடுவார்கள்.

ஆலயப் பாடகர் குழுத் தலைவர் அருமைநாயகம் சார் வீட்டுக்கு அந்த இசைத்தட்டோடு போனாள். எழுபது வயதிலும் நிமிர்ந்து உட்காருகிற மனிதர். எப்சியின் கையைப் பார்த்துவிட்டு அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பவில்லை. அதற்காகவே அவரை அவளுக்குப் பிடிக்கும்.

"சார், அத்தான் விழாவுல இதைப் போடச் சொல்லுங்க. முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் அக்கா கூட வாசிக்கட்டும், சனங்க பாடட்டும். நான் சொன்னா அத்தான் கேக்க மாட்டாவ. நீங்க சொன்னா தட்ட மாட்டாவ."

"உன்னை ஏமாத்திட்டான்னு ஊரே பேசுது. நீ அவனுக்கு விழா நடத்திக் கொடுக்கே" என்றார் சார். அவர் குரல் தழுதழுத்தது. "பெரிய மனசு பிள்ள உனக்கு."

எப்சி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

விழா காலை பதினொரு மணிக்கு. முந்தின நாள் ஹெப்ரான் அரங்கத்தில் ஒத்திகை பார்த்திருந்தான். காலி அரங்கத்துக்கு ஹோட்டல்காரர்கள் ஏசி போட மாட்டார்கள். கருவி அன்று அழகாகப் பாடியது. எப்சி பத்தரைக்கே போய்விட்டாள். அரங்கப் பொறுப்பாளரிடம், வயதானவர்கள் நிறைய வருகிறார்கள், வெயிலில் வாடி வருவார்கள், ஏசியைப் பதினெட்டில் வையுங்கள் என்றாள். அவர் வைத்தார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து முந்தானையால் கையை மூடிக்கொண்டாள்.

வெயிலில் நின்ற வேனிலிருந்து இறக்கிய சுழியை மேடையில் வைத்தார்கள். வெள்ளை விரிப்பின் மேல் அந்தக் கரும்பலகையைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அத்தனை அழகு. எப்சிக்கு, பெற்ற பிள்ளையைப் பந்தயத்தில் தோற்க அனுப்புகிற மாதிரி இருந்தது. ஒரு நிமிடம்தான். பிறகு கீபோர்டின் முன்னே பட்டுச்சேலையில் அக்கா வந்து உட்கார்ந்தாள்.

அருமைநாயகம் சார் எழுந்து சொன்னார். ஹெப்ரான் குமிழைத் திருகினான். ஆர்கன் எழுந்தது, சாலோமி சேர்ந்தாள், இருநூறு பேர் எழுந்து நாலு குரலில் பாடினார்கள். ஒரு குறையும் இல்லை. சென்னையிலிருந்து வந்தவர்கள் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை போலும், ஃபோன்களை உயரப் பிடித்துப் படம் எடுத்தார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டல். தட்டு தன்பாட்டில் ஓட, பக்கத்திலிருந்த ஆம்ப்ளிஃபயரில் ஒலியைத் தணித்துவிட்டு ஹெப்ரான் பேச ஆரம்பித்தான்.

நன்றாகத்தான் பேசினான். சின்ன வயதில் ஆலய ஆர்கன் கேட்டு உருகினானாம். ராத்தூக்கம் இல்லாமல் வரைந்தானாம். பனை மரத்தைத் தொட்டுப் பார்த்ததும் உள்ளுக்குள் ஏதோ சொன்னதாம். எல்லாம் எப்சி ஒரு காலத்தில் சாப்பாட்டு மேசையில் அவனிடம் சொன்னவை, வார்த்தைக்கு வார்த்தை.

"வேகத்தைக் கூட்ட, குறைக்க என்று மற்ற கம்பெனிக்காரர்கள் நாலு பொத்தான் வைப்பார்கள்" என்றான். "சுழிக்கு ஒரே ஒரு குமிழ். ஏன்? திருத்துவதற்கு இதில் எதுவுமே இல்லை!"

கைதட்டினார்கள். எப்சியும் இடது உள்ளங்கையால் முழங்காலில் தட்டினாள். முன்வரிசையில் ஒருத்தி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஆறாவது ராகத்துக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஹெப்ரான் ஒலியைக் கூட்டினான். சாலோமி வழக்கமான கட்டையில் விரல்களை வைத்து முதல் சுரக்கூட்டை அழுத்தினாள்.

பல் கூசியது. இரண்டு ஒலிகள் ஒன்றையொன்று கடித்தன. சாலோமி கையை எடுத்து, தான்தான் தப்புச் செய்தோம் என்று கட்டைகளைக் குனிந்து பார்த்து, மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே. சனங்களில் பாதிப்பேர் ஆர்கனோடு போனார்கள், பாதிப்பேர் கீபோர்டோடு. ஆல்ட்டோ பக்கம் ஒரு கிழவி காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டாம் வரியில் பாட்டே நின்றுவிட்டது. ஆர்கன் மட்டும், சீக்குக்காரனைப் போல இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது வரிசை வரிசையாக முன்னே போயிற்று.

ஹெப்ரான் கருவியின் மேல் குனிந்தான். கை பலகையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவியது. திருத்துவதற்கு அதில் எதுவுமே இல்லை. கடைசியில் அந்தக் குமிழையே திருகினான். இருநூறு பேர் முன்னால் ஆர்கன் முனகிக்கொண்டே கீழே இறங்கிச் செத்தது. ஃபோன்கள் இன்னும் உயரத்தில்தான் இருந்தன.

சாலோமி மெல்ல நிமிர்ந்து கூட்டத்தில் தேடினாள். கடைசி வரிசையில் தங்கையைக் கண்டுபிடித்தாள். எப்சி முந்தானையை விலக்கி, மூன்று விரல் கையை மடியில் எடுத்து வைத்தாள். அக்கா நன்றாகப் பார்க்கட்டும் என்று அப்படியே வைத்திருந்தாள்.

ஃபோனில் எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றியது. வாங்குவதற்குப் பதிவு செய்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். ஹெப்ரான் மோட்டாரை மாற்றினான், பெல்ட்டை மாற்றினான். ஏசி அறையில் வைத்தால் அது மறுபடி இறங்கியது. ஒன்பதாம் நாள் பேட்டைக்கு வந்தான். முகம் சவரம் செய்யப்படாமல் இருந்தது.

"உனக்குத் தெரியும், இல்லையா? முன்னாலேயே தெரியும்."

"தெரியும்."

"என்ன வேணும், சொல்லு."

"சுழி என் பேருக்கு வரணும். பதிவு, தகடு எல்லாம். ஆனா அது ரெண்டாவதுதான். முதல்ல அக்கா சனிக்கிழமை பாட்டுப் பயிற்சியில எல்லாருக்கும் முன்னால எந்திரிச்சு, ஆஸ்பத்திரியில என்ன செஞ்சேன்னு சொல்லணும்."

"அவ செத்துருவா எப்சி. அவளுக்கு அந்த எடம்தான் எல்லாம்."

"எனக்கு இந்த எடம்தான் எல்லாமா இருந்துச்சு" என்று ஷெட்டைக் காட்டினாள். "அப்ப சுழி சுத்தாது அத்தான். போயிட்டு வாங்க."

சாலோமி சொன்னாள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நாற்பது பேர் பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க, கீபோர்டின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு எழுந்தாள்.

"என் தங்கச்சி மயக்கத்துல இருக்கும்போது இன்சூரன்ஸ்னு பொய் சொல்லி ரேகை வாங்கினேன். அவரு கட்டாயப்படுத்தல. நானா போனேன். சின்னதுல இருந்து எங்க வீட்டுல எல்லாமே எப்சிதான். நான் என்ன வாசிச்சாலும், எப்சி என்ன செஞ்சிருக்கா பாத்தியளான்னுதான் எங்கப்பா வந்தவகிட்டச் சொல்லுவாவ. அவ கை போனதும்..." ஊன்றியிருந்த தன் கையைக் குனிந்து பார்த்தாள். "இனி எனக்கும் ஒண்ணு இருக்கட்டும்னு நெனச்சிட்டேன்."

பெண்கள் சிலர் அழுதார்கள். எப்சிக்குக் கண் நனையவில்லை. இந்த நேரத்துக்காக எத்தனை நாள் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்திருக்கிறாள்! அக்காவின் குரல் உடையும் என்று எதிர்பார்த்தாள், உடைந்தது. எல்லாரும் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தாள், பார்த்தார்கள். கடைசியில் சொன்ன அந்த ஒன்றை மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை. அது தெரியாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது. வெறுப்பதற்கு முன்னைவிடக் கொஞ்சம் அதிகப் பாடுபட வேண்டியிருந்தது. பாடுபட்டாள்.

அருமைநாயகம் சார் எப்சியின் பக்கம் திரும்பினார்.

"ஹோட்டல்ல ஏசியைப் பதினெட்டுல வைக்கச் சொன்னது நீன்னு அந்த ஆளு சொன்னான். நெசமா?"

எப்சி எழுந்தாள். "நெசம்தான் சார். தெரிஞ்சுதான் செஞ்சேன். அந்தத் தட்டையும் அதுக்குத்தான் உங்ககிட்டக் கொண்டுவந்தேன்."

"என் வாயை வச்சு அவனை அடிச்சிருக்கே. பெரிய மனசுன்னு நான் வேற உன்கிட்டச் சொன்னேன்."

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கேன் சார்" என்றாள் எப்சி. அப்போதுதான் அவள் குரல் முதன்முறையாகத் தடுமாறியது. "உங்ககிட்ட மட்டும்தான். மத்தவங்ககிட்டக் கேக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. மறுபடி செய்யச் சொன்னாலும் செய்வேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாட்டு எண்ணை அறிவித்தார். சாலோமி வாசிக்கவில்லை. யாரும் அவளை வாசிக்கச் சொல்லவும் இல்லை. துணையில்லாமலே பாடினார்கள்.

பத்து நாளில் ஹெப்ரான் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தான். வக்கீல் அலுவலகத்தில் அவன் தாள் தாளாகக் கையெழுத்துப் போடுவதை எப்சி நின்றபடி பார்த்தாள். ஒவ்வொரு தாளையும் வாங்கி முழுதாகப் படித்தாள், வக்கீல் கொட்டாவி விடும்வரைக்கும். கொம்பையா மறுநாளே அவளிடம் வேலைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் ஒரு கோளாறும் இல்லை என்று தன்னிடம் பொய் சொன்னதற்குக் காரணம் கேட்பேன் என்றும் சொல்லியிருந்தார். அதற்குப் பதில் தேட வேண்டும்.

தெருவுக்கு வந்தபோது சாலோமி பின்னாலேயே வந்தாள். நல்ல வெயில்.

"ஏட்டி எப்சி, நில்லு." ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொன்னதெல்லாம் செஞ்சாச்சு. ஊரு முன்னால நின்னாச்சு. ஆலயத்துல வாசிக்கதையும் விட்டாச்சு. இன்னும் என்ன செய்யணும் நான்?"

எப்சி உட்கார்ந்தபடியே யோசித்தாள். ஏதாவது இருந்தால் கேட்டுவிடலாம் என்று உண்மையாகவே யோசித்தாள்.

"எனக்கே தெரியலக்கா. ஆனா பத்தல."

"எப்பப் பத்தும்?"

"பத்தினாச் சொல்லி அனுப்புதேன்."

சாலோமியின் கை கம்பியிலிருந்து இறங்க நேரமாயிற்று. எப்சி அதுவரை பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு, "போங்க அண்ணாச்சி, பேட்டைக்கு" என்றாள்.